வேலிக்கு அந்தப் பக்கம்: இங்கிலாந்தில் பக்கத்து வீட்டை வாங்குவது பற்றிச் சில குறிப்புகள்

கல்லூரி நண்பன் ஒருத்தன் லண்டனின் வடமேற்கில் ஹாரோ பகுதியில் பல வருஷமாக இருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினான்.

"டேய், பக்கத்து வீடு விலைக்கு வருதுடா. தம்பி கோவென்ட்ரில வாடகைக்குத்தானே இருக்கான்? அவனை இங்க கூட்டிட்டு வந்துடலாம்னு பாக்கறேன். நடுவுல இருக்கற பாதைய மூடி ஒரு ரூம் போட்டா அம்மா வந்தா அங்க இருப்பாங்க. வீட்டைப் பத்தி விசாரிக்கவே வேணாம். பத்து வருஷமா தினமும் பாக்கற வீடு."

கடைசி வாக்கியம்தான் என்னை உறுத்தியது. நான் வக்கீல் இல்லை. ஆனால் ஒரு விஷயம் பிடித்துக்கொண்டால் படித்துப் பார்க்காமல் விடமுடியாத கிறுக்கு உண்டு. அடுத்த சில மாதங்கள் அவன் அனுப்பிய காகிதங்களையும் அந்த ஊர்ச் சட்டங்களையும் படித்து எடுத்த குறிப்புகள் இவை. இதில் சொல்வது இங்கிலாந்துக்குப் பொருந்தும். பெரும்பாலானவை வேல்ஸுக்கும் பொருந்தும், வரி மட்டும் அங்கே வேறு. ஸ்காட்லாந்தின் நிலச் சட்டமே தனி.

சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரியாத ஊரில் தெரியாத வீட்டை வாங்குகிறவர் பயந்து பயந்து எல்லாவற்றையும் பார்ப்பார். பக்கத்து வீட்டை வாங்குகிறவர்தான் பார்க்காமல் விடுவார். வேலிக்கு மேலே பார்த்துத் தெரிந்துகொண்டதெல்லாம் அந்த வீட்டு மனிதர்களைப் பற்றித்தான். வீட்டின் உரிமை பற்றி அதில் ஒன்றுமே இருக்காது.

நம்ம ஊர்ப் பத்திரமும் அந்த ஊர்ப் பதிவேடும்

நம்ம ஊரில் சார்பதிவாளர் அலுவலகம் பதிவு செய்வது பத்திரத்தை. விற்றவருக்கு உண்மையிலேயே உரிமை இருந்ததா என்று அரசு உத்தரவாதம் தருவதில்லை. அதனால்தான் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா என்று முப்பது வருஷத்துக் கதையைத் தோண்டுகிறோம்.

இங்கிலாந்தில் லேண்ட் ரெஜிஸ்ட்ரி பதிவு செய்வது உரிமையையே. ஒவ்வொரு சொத்துக்கும் ஒரு டைட்டில் எண். அதன் கீழ் மூன்று பகுதிகள்: எந்தச் சொத்து, யார் உரிமையாளர், என்னென்ன கடனும் கட்டுப்பாடும் இருக்கின்றன. பதிவேட்டில் தவறு இருந்து அதனால் ஒருவருக்கு நஷ்டம் வந்தால் ஈட்டுத்தொகை தர 2002ஆம் வருஷச் சட்டத்தில் வழி உண்டு. இந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பக்கத்து வீட்டின் பதிவு நகலை ஆன்லைனில் 7 பவுண்டுக்கு வாங்கலாம், வரைபடத்துக்கு இன்னொரு 7. உரிமையாளரிடம் கேட்கக்கூட வேண்டாம்.

விற்கும்போது பதிவு கட்டாயம் என்பது நாடு முழுக்க வந்தது 1990 டிசம்பரில்தான். அதற்கு முன் வாங்கி, பிறகு கைமாறாத வீடுகள் இன்னும் பதிவேட்டுக்கு வராமல் இருக்கலாம். சுமார் பத்தில் ஒரு பங்கு நிலம் இப்போதும் அப்படித்தான். பக்கத்து வீடு அப்படிப்பட்டதாக இருந்தால் நம்ம ஊர் மாதிரியே பழைய பத்திரக் கட்டைப் புரட்டவேண்டியதுதான்.

நண்பனிடம் நான் சொன்ன முதல் வேலை இதுதான். "14 பவுண்டு செலவு பண்ணு. ரெண்டையும் இறக்கு. அப்புறம் பேசலாம்."

ஒரு வாக்குறுதியும் ஒரு மகனும்

அந்த வீட்டில் இருந்தவர் ஒரு வயதான வெள்ளைக்காரப் பாட்டி. கணவர் முன்பே போய்விட்டார். "வித்தா உனக்குத்தான்" என்று வேலியோரம் நின்று பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் காலமான பிறகு மகள் விற்க வந்தார். நண்பன் அந்த வாக்குறுதியைப் பெரிதாக நம்பியிருந்தான்.

அங்கே நில விற்பனை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், எல்லா நிபந்தனைகளும் அதில் இருக்கவேண்டும், இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். 1989ஆம் வருஷச் சட்டம் இப்படித்தான் சொல்கிறது. விலை பேசி, கை குலுக்கி, சர்வேயருக்குப் பணம் கட்டிய பிறகும் ஒப்பந்தங்களைப் பரிமாறிக்கொள்ளும் நாள்வரை இரண்டு பக்கமும் விலகிக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுக்காரரோடு நல்ல உறவு இருந்து, 'விற்றால் முதலில் எனக்கு' என்பதை உறுதியாக்க விரும்பினால், அதை முறையான ஒப்பந்தமாக எழுதி அவருடைய பதிவேட்டில் குறிப்பாக ஏற்றவேண்டும். அது இல்லாத வாக்கு நல்லெண்ணம் மட்டும்தான். நண்பனின் அதிர்ஷ்டம், மகளும் அம்மாவின் பேச்சை மதித்தார்.

ஆனால் பதிவேடு வந்ததும் வேறொரு சிக்கல். உரிமையாளர் பகுதியில் பாட்டியின் பெயரோடு இறந்துபோன கணவரின் பெயரும் அப்படியே இருந்தது. கீழே ஒரு வரி: தனி ஒரு உரிமையாளர் பணம் வாங்கிக்கொண்டு செய்யும் எந்த விற்பனையையும் நீதிமன்ற ஆணை இல்லாமல் பதிவு செய்யக்கூடாது.

பார்க்க சாதாரண வரி. அதன் அர்த்தம் என்னவென்று சொல்கிறேன். அங்கே இரண்டு பேர் சேர்ந்து வீடு வாங்க இரண்டு வழி உண்டு. ஒன்று ஜாயின்ட் டெனன்ட்ஸ். ஒருவர் இறந்தால் உயில் என்ன சொன்னாலும் முழு வீடும் மற்றவருக்கு. இன்னொன்று டெனன்ட்ஸ் இன் காமன். ஆளுக்கு ஒரு பங்கு, இறந்தவரின் பங்கு அவருடைய உயிலின்படி போகும். டெனன்ட் என்ற சொல்லைப் பார்த்து வாடகைக்காரர் என்று நினைக்கவேண்டாம், இது பழைய சட்டச் சொல். மேலே சொன்ன வரி பதிவேட்டில் இருந்தால் பெரும்பாலும் இரண்டாவது வகை என்று புரிந்துகொள்ளலாம்.

அப்படியானால் கணவரின் பாதி யாருக்குப் போனது? விசாரித்தால், முதல் மனைவிக்குப் பிறந்த மகன் ஒருவர் இருக்கிறார். அவர் வேறு ஊரில். உயிலில் அவருக்குத்தான் அந்தப் பங்கு. பத்து வருஷம் பக்கத்தில் இருந்த நண்பன் அப்படி ஒருவர் இருப்பதையே கேள்விப்பட்டதில்லை.

மகள் தனியாக விற்க முடியாது. பாட்டியின் உயிலை நிறைவேற்றும் அதிகாரத்துக்கு முதலில் நீதிமன்றச் சான்று வாங்கவேண்டும், அதற்குப் பெயர் புரோபேட். பிறகு தன்னோடு இன்னொரு டிரஸ்டியை நியமிக்கவேண்டும். வாங்குகிறவர் பணத்தை இரண்டு டிரஸ்டிகளிடம் கொடுத்தால், பின்னால் பங்கு கேட்டு வருகிறவரின் உரிமை வீட்டை விட்டு அந்தப் பணத்தின் மீது போய்விடும். ஒருவரிடம் மட்டும் கொடுத்திருந்தால்? பதிவேடே நண்பனின் பெயரை ஏற்றிருக்காது. எல்லாம் முடிய இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. ஆனாலும் அந்த மகன் நாளைக்கு வந்து கதவைத் தட்டமாட்டார்.

சிவப்புக் கோடு எல்லை இல்லை

டைட்டில் வரைபடத்தில் சொத்தைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு இருக்கும். அதுதான் எல்லை என்றுதான் எல்லாரும் நினைப்போம். 2002ஆம் வருஷச் சட்டத்தின் 60ஆவது பிரிவு வேறு மாதிரி சொல்கிறது. தனியாக விண்ணப்பித்து எல்லையை நிர்ணயித்துப் பதிவு செய்திருந்தால் ஒழிய, அந்தக் கோடு பொதுவான எல்லையைக் காட்டுவது மட்டுமே. துல்லியமான எல்லை அதில் இல்லை.

நகர்ப்புற வரைபடங்கள் வழக்கமாக 1:1250 அளவில் இருக்கும். காகிதத்தில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் ஒன்றேகால் மீட்டர். வேலி ஒரு அடி தள்ளி இருக்கிறதா என்று அந்தக் கோட்டை வைத்துச் சொல்லவே முடியாது. வீடு கட்டி முதன்முதலில் விற்ற காலத்துப் பத்திரம் கிடைத்தால் அதில் அளவு இருக்கலாம். அதன் வரைபடத்தில் எல்லைக்கோட்டின் மேல் டி எழுத்து வடிவில் ஒரு சின்னக் குறி இருந்தால், அது எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்த வேலி அந்தப் பக்கத்தாருடையது என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். 'வீட்டைப் பார்த்து நின்றால் இடது கைப்பக்க வேலி நம்முடையது' என்று அங்கே பலர் சொல்வார்கள். அப்படி ஒரு சட்டம் கிடையாது.

இங்கே நண்பனுக்கு ஒரு விஷயம் தாமதமாகத்தான் உறைத்தது. பாட்டி வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் எல்லை அவனுக்கு மனப்பாடம். ஆனால் வாங்கிய பிறகு அந்த எல்லையால் சண்டை வர வாய்ப்பு குறைவு, இரண்டு பக்கமும் அவன்தான். சண்டை வரக்கூடியது பாட்டி வீட்டின் மறுபக்க வேலியில். அந்த வேலியை அவன் ஒருநாளும் பார்த்ததில்லை.

போய்ப் பார்த்தான். தோட்டத்தின் பின்பாதியில் வேலி உள்நோக்கி வளைந்திருந்தது. அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு ஷெட் போட்டிருந்தார். ஷெட் ரொம்பப் பழசு.

பதிவான நிலத்தைப் பத்து வருஷம் அனுபவித்தால் அது தானாகச் சொந்தமாகிவிடாது. அவர் விண்ணப்பிக்கவேண்டும், உரிமையாளருக்கு நோட்டீஸ் போகும், உரிமையாளர் மறுத்தால் பொதுவாகத் தள்ளுபடிதான். ஆனால் இதற்கு மூன்று விதிவிலக்குகள் உண்டு. அவற்றில் ஒன்று அக்கம்பக்கத்தாருக்கென்றே வைத்தது: எல்லை நிர்ணயிக்கப்படாமல் இருந்து, அடுத்த வீட்டுக்காரர் அந்தத் துண்டு தன்னுடையது என்று நியாயமாக நம்பிப் பத்து வருஷம் வைத்திருந்தால் அவருக்குக் கிடைக்கலாம். அந்தப் பத்து வருஷம் விண்ணப்பிக்கிற நாளோடு முடியவேண்டியதில்லை, அனுபவத்துக்குள் எந்தப் பத்து வருஷமும் போதும் என்று 2025 பிப்ரவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது.

நண்பன் அந்த வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போகவில்லை. வாங்குவதற்கு முன்பே சர்வேயரை வைத்து அளந்தான். வளைந்த வேலிக்கு உள்ளே இருக்கும் நிலம்தான் தனக்கு வரப்போகிறது என்று கணக்குப் போட்டு விலையில் கொஞ்சம் குறைத்துப் பேசினான். இரண்டு முழ நிலத்துக்காகக் கோர்ட்டுக்குப் போனவர்கள் அந்த நிலத்தின் விலையைப் போலப் பல மடங்கு வக்கீலுக்குக் கொடுத்த கதைகள் அந்த ஊரில் நிறைய. நம்ம ஊர் வரப்புச் சண்டைக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

நடுவில் போகும் பாதை

1930களில் கட்டிய அந்தப் பக்கத்து வீடுகள் பலவற்றில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு கார் போகும் அளவுக்கு ஒரு பாதை இருக்கும். பின்னால் இரண்டு கார் ஷெட். பாதையின் பாதி இந்த வீட்டுக்கு, பாதி அந்த வீட்டுக்கு. ஆனால் இரண்டு பேருக்கும் முழுப் பாதையிலும் போய்வர உரிமை. நம்ம ஊரில் பத்திரத்தில் 'பொதுப்பாதை' என்று எழுதுகிறோமே, கிட்டத்தட்ட அது.

இந்தப் பாதையை மூடித்தான் நண்பன் ரூம் போட நினைத்தான். இதில் ஒரு வினோதம் இருக்கிறது. தன் நிலத்தின் மேல் தனக்கே வழியுரிமை என்று ஒன்று இருக்கமுடியாது. அதனால் இரண்டு வீடும் ஒரே ஆளின் உரிமைக்கும் அனுபவத்துக்கும் வந்தால் நடுவில் இருந்த வழியுரிமை அழிந்துவிடும். வாங்குகிற அன்று இது நல்ல செய்தி மாதிரித் தெரியும். பதினைந்து வருஷம் கழித்து ஒரு வீட்டை மட்டும் விற்கும்போதுதான் தலைவலி. பழைய உரிமை தானாக உயிர்பெறாது. எந்த வீட்டுக்கு எந்த வழி, சாக்கடைக் குழாய் யார் நிலத்தின் கீழ் போகிறது, பழுது பார்க்கும் செலவு யாருடையது என்பதையெல்லாம் புதிதாக எழுதிக் கொடுக்கவேண்டும். எழுதாமல் விட்டால் வாங்கியவருக்கு என்ன உரிமை மறைமுகமாகப் போனது என்று நீதிமன்றம் சொல்லவேண்டிவரும்.

இன்னொன்று, பெயர்கள் ஒன்றாக இல்லையென்றால் இந்த அழிவு நடக்காது. முதல் வீடு கணவன் மனைவி பெயரில், இரண்டாவது வீடு அண்ணன் தம்பி பெயரில் என்றால் உரிமையாளர்கள் வேறு. வழியுரிமை அப்படியே இருக்கும். அதே காரணத்தால் இரண்டு டைட்டிலையும் ஒன்றாக இணைக்கவும் முடியாது.

அப்போது நடுவில் கட்டும் ரூம்? அதில் பாதி ஒரு டைட்டிலில், பாதி இன்னொரு டைட்டிலில். ஒரு சுவர் அண்ணன் மனைவிக்கும் பங்குள்ள நிலத்தில், மற்றொரு சுவர் தம்பிக்குப் பங்குள்ள நிலத்தில். ஒருவர் விற்க நினைத்தால் ரூமை வெட்டித்தான் விற்கவேண்டும். போதாததற்கு இரண்டு வீட்டுக்கும் கடன் கொடுத்த வங்கிகள் வேறு, இருவரின் சம்மதமும் வேண்டும். இரண்டு வீட்டை ஒன்றாக்குவதற்குத் திட்ட அனுமதி தேவையா என்று கவுன்சிலிடம் கேட்கவேண்டும். பாதைக்கு அடியில் போகும் பொதுச் சாக்கடை தண்ணீர் கம்பெனியுடையதாக இருந்தால் அதன் மேல் கட்ட அவர்கள் ஒப்புதலும் தேவை. பல வீடுகளுக்குப் பொதுவான குழாய்கள் பெரும்பாலும் 2011 அக்டோபர் முதல் தேதியிலிருந்து அவர்கள் பொறுப்புக்குப் போய்விட்டன.

ரூம் திட்டம் அன்றோடு முடிந்தது. "அம்மா வந்தா கீழ்த்தள ரூம்லயே இருக்கட்டும்" என்றான்.

யார் பெயரில்?

எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி இதுதான். இதற்குள் போகக் கொஞ்சம் கணக்குப் போடவேண்டும்.

விலை 6 லட்சம் பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 2025 ஏப்ரல் முதல் உள்ள ஸ்டாம்ப் டியூட்டி விகிதப்படி முதல் 1,25,000க்கு வரி இல்லை, அடுத்த 1,25,000க்கு 2 சதவீதம், அதற்கு மேல் 9,25,000 வரை 5 சதவீதம். மொத்தம் 20,000 பவுண்டு. வாங்குகிறவரிடம் ஏற்கெனவே ஒரு வீடு இருந்தால் முழு விலைக்கும் இன்னொரு 5 சதவீதம். 2024 அக்டோபர் 31க்கு முன் இது 3 சதவீதமாக இருந்தது. ஆக, கூடுதலாக 30,000. சேர்ந்து வாங்குகிறவர்களில் ஒருவரிடம் வீடு இருந்தாலும் இந்தக் கூடுதல் வரி முழு விலைக்கும் விழும். சேர்ந்து வாழும் கணவன் மனைவியை ஒன்றாகவே பார்ப்பார்கள் என்பதால் மனைவி பெயரில் வாங்கியும் தப்பமுடியாது.

தம்பியிடம் வீடு இல்லை. தம்பி பெயரில் மட்டும் வாங்கினால் 20,000. அண்ணன் பெயரும் சேர்ந்தால் 50,000. இந்த 30,000 வித்தியாசத்தைப் பார்த்ததும் எல்லாருக்கும் ஒரே யோசனைதான் வரும், நண்பனுக்கும் வந்தது. "தம்பி பேர்லயே வாங்கிடலாம். என் பணம் உள்ள இருக்கட்டும். எங்களுக்குள்ள ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கறோம்."

அங்கேதான் பொறி. அந்தப் பேப்பர் உண்மை என்றால், அதாவது வீட்டில் அண்ணனுக்குப் பங்கு இருந்தால், வரித்துறை அவரையும் வாங்கியவராகத்தான் பார்க்கும். கூடுதல் 5 சதவீதம் கட்டவேண்டும். கட்டாமல் விட்டால் பொய்க் கணக்கு. அந்தப் பேப்பர் உண்மை இல்லை என்றால் அண்ணன் கொடுத்தது தானம்தான். இதற்கு வங்கியும் சாட்சி வைத்துக்கொள்ளும். சொந்தக்காரர் பணம் கொடுத்தால் 'இது அன்பளிப்பு, திருப்பிக் கேட்கமாட்டேன், வீட்டில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை' என்று ஒரு கிஃப்ட் லெட்டரில் கையெழுத்து வாங்குவார்கள். அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குள் இன்னொரு காகிதத்தில் பங்கு எழுதிக்கொண்டால், இரண்டில் ஒன்று பொய். உறவு நன்றாக இருக்கும்வரை எந்தப் பொய்யும் வெளியே வராது. உறவு கெடும் அன்று இரண்டு காகிதமும் நீதிபதி மேஜையில் இருக்கும்.

தம்பியின் சம்பளம் மட்டும் கடனுக்குப் போதாது என்றால், கடனில் மட்டும் அண்ணன் சேர்ந்து உரிமையில் சேராமல் இருக்கும் திட்டங்களைச் சில வங்கிகள் தருகின்றன. வரி மிச்சம்தான். ஆனால் தவணை நின்றால் அண்ணன் கட்டவேண்டும், வீட்டில் ஒரு செங்கல்கூட அவருடையதில்லை.

ஆகவே நேர்மையான வழி இரண்டுதான். வீடு தம்பியுடையது, அண்ணன் கொடுத்தது கொடுத்ததுதான் என்று மனசார விட்டுவிடுவது. அல்லது பங்கு வேண்டும் என்றால் பெயரைச் சேர்த்து 30,000 கட்டுவது. 

இதை நண்பனின் மனைவி ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். "தம்பி நல்லவர்தான். அவருக்கு நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆனா, அப்ப யார்கிட்ட போய்க் கேப்பீங்க?"

30,000 கட்டினார்கள். அண்ணன் தம்பி இருவர் பெயரிலும், டெனன்ட்ஸ் இன் காமன் ஆக. அண்ணன் போட்டது 1,20,000, தம்பி போட்டது 80,000. பங்கு அறுபதுக்கு நாற்பது என்று சொலிசிட்டர் ஒரு டிரஸ்ட் பத்திரம் எழுதினார். தம்பி தவணை கட்டக் கட்டப் பங்கு எப்படி மாறும், ஒருவர் விற்க நினைத்தால் மற்றவருக்கு எத்தனை மாதம் அவகாசம், கூரை ஒழுகினால் யார் செலவு என்பதெல்லாம் அதில் இருக்கிறது. வங்கிக்கும் காட்டினார்கள். இருவரும் உயில் எழுதினார்கள், இந்த முறையில் பங்கு உயிலின் வழியாகத்தான் போகும் என்பதால்.

முதலில் தம்பிக்கு வருத்தம். "நமக்குள்ள எதுக்குண்ணா எழுத்து?" என்று கேட்டிருக்கிறான். இரண்டு வாரம் பேச்சு கொஞ்சம் குறைந்தது. பாட்டி வீட்டு மகனின் கதையை அண்ணன் சொன்ன பிறகு சரி என்றான்.

அம்மாவின் பெயர்

திருச்சியில் இருக்கும் அம்மா ஒரு நிலத்தை விற்றுப் பணம் தருவதாகச் சொன்னார். "என் பேரையும் சேர்த்துடுங்கப்பா" என்றார். கேட்டது நியாயம்தான்.

ஆனால் வாங்குவதற்கு முந்தைய 12 மாதத்தில் 183 நாளாவது பிரிட்டனில் இல்லாதவர் வெளிநாட்டுவாசி. அவருக்கு 2021 ஏப்ரல் முதல் இன்னொரு 2 சதவீதம். சேர்ந்து வாங்குகிறவர்களில் ஒருவர் அப்படி இருந்தாலே முழு விலைக்கும் விழும். அம்மா பெயர் சேர்ந்தால் மேலும் 12,000 பவுண்டு.

இந்தியப் பக்கமும் வேலை உண்டு. இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ரிசர்வ் வங்கியின் தாராளப் பணவனுப்புத் திட்டத்தில் ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். அதற்கு மேல் முடியாது. வெளிநாட்டுச் சொத்து பெயரில் இருந்தால் வருஷா வருஷம் வருமான வரிக் கணக்கில் அதற்கென உள்ள வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்டவேண்டும். காட்டாவிட்டால் 2015ஆம் வருஷக் கறுப்புப் பணச் சட்டப்படி பத்து லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க இடமிருக்கிறது. எழுபது வயதைத் தாண்டியவரை இதில் மாட்டிவிடுவது சரியில்லை.

அம்மா தன் பணத்தை இரண்டு மகன்களுக்கும் சரிபாதி அன்பளிப்பாக, கடிதம் எழுதி, வங்கி வழியாக அனுப்பினார். பெயர் சேரவில்லை. அதற்குப் பதில், அம்மா வரும்போதெல்லாம் அந்தக் கீழ்த்தள அறையில் தங்கலாம், அவர் உயிரோடு இருக்கும்வரை அவர் சம்மதமில்லாமல் அண்ணனும் தம்பியும் வீட்டை விற்கமாட்டார்கள் என்று இருவரும் தங்களுக்குள் எழுதிக்கொண்டார்கள். ஆனால் தவணை நின்றுபோனால் வங்கியின் உரிமைதான் முதலில். அதையும் அம்மாவிடம் மறைக்காமல் சொல்லச் சொன்னேன், சொன்னான்.

வாங்கிய பிறகு

பணம் கொடுத்துச் சாவி வாங்கினால் முடிந்தது என்று நினைக்கக்கூடாது. பதிவேட்டில் பெயர் ஏறும் அன்றுதான் சட்டப்படி உரிமை வருகிறது. ஏறியதும் நகலை இறக்கி ஒவ்வொரு எழுத்தையும் பாருங்கள்: பெயரின் ஸ்பெல்லிங், பங்கு முறைக்கான அந்த வரி, தபால் முகவரி. தொடர்புக்கு மூன்று முகவரி வரை கொடுக்கலாம், ஒன்று தபால் முகவரியாக இருக்கவேண்டும், மற்றது மின்னஞ்சலாக இருக்கலாம். வீட்டில் ஆள் இல்லாத காலத்தில் நோட்டீஸ் உங்களுக்கு வந்துசேர இது ஒன்றுதான் வழி.

இது ஏன் முக்கியம்? 2021இல் லூட்டன் நகரில், வேலைக்காக வேல்ஸில் தங்கியிருந்த ஒருவரின் வீட்டை, அவருடைய அடையாளத்தைத் திருடிய ஆள் 1,31,000 பவுண்டுக்கு விற்றுவிட்டார். பதிவேட்டில் புதியவரின் பெயரும் ஏறிவிட்டது. 'உங்கள் வீட்டில் விளக்கு எரிகிறதே' என்று அக்கம்பக்கத்தார் போன் செய்த பிறகுதான் உரிமையாளருக்கே தெரியும். லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் பத்துச் சொத்துவரை இலவசமாக எச்சரிக்கைச் சேவையில் சேர்க்கலாம். பதிவேட்டில் யாராவது கைவைக்க முயன்றால் மின்னஞ்சல் வரும். ஆள் இல்லாமல் கிடக்கும் வீடு என்றால், விற்பவர் உண்மையான உரிமையாளர்தான் என்று வக்கீல் சான்றளிக்காமல் எதையும் பதியக்கூடாது என்று ஒரு கட்டுப்பாட்டையும் போட்டுவைக்கலாம்.

கடைசியாக வேலி. தம்பி குடும்பம் குடிவந்ததும் குழந்தைகள் ஓடியாட நடுவேலியைப் பின்பக்கத்தில் கொஞ்சம் எடுத்துவிட்டார்கள். எடுப்பதற்கு முன் சர்வேயர் அளந்த வரைபடத்தையும் நாலைந்து போட்டோவையும் தேதியோடு இரண்டு வீட்டுப் பத்திரங்களோடும் வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கு அந்த எல்லை யாருக்கும் தேவையில்லை. ஆனால் அண்ணன் தம்பி பிள்ளைகளில் ஒருவர் இந்த வீட்டை விற்கும் நாள் வரும். அன்றைக்கு வேலி எங்கே இருந்தது என்று கேட்டால் காட்ட ஒரு காகிதம் வேண்டும்.

போன வாரம் நண்பன் வீடியோவில் காட்டினான். பாதை மூடாமல் அப்படியே இருக்கிறது. அம்மா அதில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், பாதி இந்த வீட்டில், பாதி அந்த வீட்டில்.